ஊசிக்குப் பேசக் கற்றுக்கொடுத்த வரலாறு

பந்தை உதைக்கத் தெரிந்தவர்கள் உலகில் ஏராளம். உதைத்துவிட்டு மைக் முன்னால் வந்து நின்று, நெடுநேரம் பேசி, எதையும் சொல்லாமல் திரும்பிப் போகத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நாகரிகம் என்று எதைச் சொல்கிறோமோ, அதை அந்தச் சிலர்தான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. அவர்களில் ஒருவனை என் கையால் உருவாக்கினேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆகவே இதை அடக்கமாகவும் விரிவாகவும் சொல்கிறேன்.

நான் எங்கள் நகரக் கால்பந்துக் கழகத்தின் செய்தித் தொடர்பு அலுவலர். இதற்கு முன் குடிநீர் வாரியத்தில், தண்ணீர் ஏன் வரவில்லை என்று விளக்கம் தரும் பிரிவில் இருந்தேன். என் அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தலைசுற்றலில் தாகமே மறந்துவிடும் என்று மேலதிகாரிகள் மெச்சுவார்கள். அந்தப் புகழைக் கேள்விப்பட்டுத்தான் கழகத் தலைவர் என்னை அழைத்துக்கொண்டார். தலைவருக்கு மெத்தைத் தொழிற்சாலை உண்டு. எங்கள் வீரர்கள் எல்லோருடைய மார்பிலும் அந்த மெத்தையின் பெயர் இருக்கும். எங்கள் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்தவர்கள், இதைவிடப் பொருத்தமான விளம்பரம் இல்லை என்பார்கள்.

அந்தப் பருவத்தில்தான் இளையோர் அணியிலிருந்து நடுக்களத்துக்கு ஒருவன் வந்து சேர்ந்தான். வயது பதினெட்டு. அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எல்லோரும் அவனை ‘ஊசி’ என்றார்கள். ஒல்லியாக இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அது காரணமல்ல. எதிரணியினர் நெருக்கியடித்து நின்று, நடுவில் காற்றுக்குக்கூட வழியில்லை என்று நமக்குத் தோன்றும் இடத்தில், அவன் பந்தைக் கோத்து அந்தப் பக்கம் எடுத்துவிடுவான்.

முதல் ஆட்டத்தில் பிற்பாதியில்தான் அவனை இறக்கினார்கள். இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அப்படி ஒன்றைக் கோத்தான். எங்கள் சென்டர் ஃபார்வர்டு, அணியில் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் ‘அண்ணன்’, அதைக் காலில் வாங்கி கோலடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன், முன்னால் இருப்பவர் மறைத்ததால்.

ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, அந்த இடத்தை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார்கள். அடக்கமாகச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவன் பதில் சொன்னான்.

“அண்ணன் எப்பவும் தப்பான எடத்துலதான் சார் நிப்பார். மத்தவங்க அவர் சரியான எடத்துக்கு வரட்டும்னு காத்துட்டிருப்பாங்க. நான் தப்பான எடத்துக்கே அடிச்சிட்டேன்.”

அண்ணனுக்கு இதில் கோபமே இல்லை. இத்தனை வருஷத்தில் தன்னைப் புரிந்துகொண்டவன் இவன் ஒருவன்தான் என்று உடை மாற்றும் அறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கோபப்பட வேண்டியவர்கள் கழகத்தில் வேறு பலர் இருந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். ஏன் தோற்றீர்கள் என்று கேட்டார்கள். எதிரணியினர் நன்றாக ஆடினார்கள் என்று அவன் சொன்னான். அத்தோடு விட்டானா என்றால் இல்லை. பயிற்சியாளர் சொன்ன திட்டம் தனக்குப் புரியவில்லை என்றும், அவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான். எங்கள் பயிற்சியாளர் பலகையில் அம்புக்குறி வரைவதில் வல்லவர். அவர் வரைந்து முடித்தால் பறவைக் கூட்டம் கண்டம் விட்டுக் கண்டம் போவது போலிருக்கும். அப்படிப்பட்ட கலைஞரைப் பார்த்து இப்படி ஒரு சொல்.

அதையும் பொறுத்துக்கொண்டோம். அதற்கடுத்த வாரம் ஒரு தொலைக்காட்சிப் பெண், கழக மெத்தையில் தூக்கம் எப்படி வருகிறது என்று சும்மா ஒரு கேள்வியைப் போட்டுவைத்தாள்.

“முதுகு வலிக்குதுக்கா. கீழ பாய் விரிச்சுப் படுத்துக்கறேன்.”

மறுநாள் காலை அவசரக் கூட்டம். தொடர்ந்து தோற்ற காலத்தில் கூடிய கூட்டங்களுக்குப் பாதிப்பேர்கூட வந்ததில்லை. இதற்கு ஒரு நாற்காலி காலியில்லை. தலைவர் முகம் வீங்கியிருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்றார். எந்த மெத்தையில் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. பயிற்சியாளர் எழுந்து, தன் திட்டம் தனக்குப் புரியும் என்று பதிவுசெய்ய விரும்புவதாகச் சொன்னார். அப்படியானால் விளக்குங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, உடனே அடுத்த பொருளுக்குத் தாவினோம். நடந்தது என்ன என்பதற்கு முதலில் ஒரு பெயர் தேவைப்பட்டது. பொய் என்று சொல்ல முடியாது. அவன் சொன்னது எதுவும் பொய்யில்லை; அதுதானே சிக்கல். நீண்ட விவாதத்துக்குப் பிறகு இது ஒரு ‘உண்மைக் கசிவு’ என்று முடிவானது. கசிவு என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குடிநீர் வாரியத்திலிருந்து வந்தவன் அல்லவா.

இப்படித்தான் அந்த மகத்தான பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பழைய பந்துகளைப் போட்டுவைக்கும் அறையில் பாடம் தொடங்கியது. காற்றுப் போன பந்துகள் சுவரோரம் குவிந்து கிடக்கும். எங்கள் கலையைப் பயில இதைவிட ஊக்கமளிக்கும் சூழல் கிடைக்காது. ஊசி முன்னால் ஒரு ஸ்டூலில் முழங்காலைச் சேர்த்துவைத்து உட்கார்ந்தான். வந்த வழியில் நனைந்திருந்தான், முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எளிதான கேள்வியில் ஆரம்பித்தேன்.

“வெளியில மழை பெய்யுதா?”

“பெய்யுது சார்.”

“தப்பு.”

“நனைஞ்சுட்டுதான் சார் வந்தேன்.”

“அது ஒன்னோட சொந்த அனுபவம். கழகத்தோட நிலைப்பாடு கிடையாது. இப்படிச் சொல்லு. மழைக்கு உரிய மரியாதையைத் தருகிறோம். ஆனால் எங்கள் கவனம் எங்கள் ஆட்டத்தின் மீதுதான்.”

அவன் என்னைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். முதல் முறை ‘மரியாதை’ என்ற இடத்தில் சிரித்துவிட்டான். சிரிப்பும் ஒரு கசிவுதான் என்று எடுத்துச் சொன்னேன்.

கெட்டிக்காரன். வாக்கியங்களைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். ஒவ்வோர் ஆட்டமாகப் பார்க்கிறோம். நேர்மறையான விஷயங்களை எடுத்துக்கொள்கிறோம். ரசிகர்களின் ஆதரவு எங்களுக்குப் பலம். எந்தக் கேள்விக்கு எதைச் சொல்வது என்று ஒருநாள் சந்தேகம் கேட்டான். எதற்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதுதான் இவற்றின் அருமை என்று விளக்கினேன். பாடத்தின் கடைசி நாள், சோதித்துப் பார்க்கலாமென்று திடீரென்று அவன் பெயரைக் கேட்டேன். கண்ணிமைக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை.

“தனிநபர் பெயர் முக்கியமில்லை. அணிதான் முக்கியம்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த பேட்டி கழக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. எல்லாக் கேள்விக்கும் ஊசி பதில் சொன்னான். நிருபர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை உதறினார்கள், மையில் ஏதோ கோளாறு என்பதுபோல. மறுநாள் பத்திரிகைகள் அவனிடம் ‘வயதை மீறிய முதிர்ச்சி’ தெரிவதாக எழுதின. தலைவர் என் அறைக்கே வந்து கைகுலுக்கினார்.

கைகுலுக்கிய சூடு ஆறுவதற்குள் ஊசியின் அம்மா வந்தார். காக்கிச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். வேன் சாவியை என் மேசைமேல் வைத்தார். உட்காரச் சொன்னதற்கு, உட்கார்ந்து ஓட்டும் வேலைதானே, கொஞ்சம் நிற்கிறேன் என்றார்.

மகன் வீட்டில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை என்பது அவருடைய புகார். முந்தின நாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாராம். எப்படியிருக்கிறது என்று கேட்டதற்கு, சமையலறை காட்டிய அர்ப்பணிப்பைப் பாராட்டுவதாகச் சொல்லிவிட்டு முழுவதையும் தின்று முடித்து எழுந்து போனானாம். மூத்தவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. போனில் மாமன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், இது நல்ல தொடக்கம், ஆனால் பருவம் நீண்டது என்கிறானாம். அவள் அழுதுவிட்டாளாம்.

“சார், நான் பெத்து அனுப்பினது புள்ளைய,” என்றார். “நீங்க திருப்பி அனுப்பறது சுற்றறிக்கைய.”

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அது. நன்றி தெரிவித்து, கழக மெத்தைக்கான தள்ளுபடிச் சீட்டு ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்தார். மேசைமேலேயே வைத்துவிட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

கல்வி என்பது நாக்கோடு நின்றுவிடுவதல்ல. உள்ளே இறங்கி உடம்பெல்லாம் பரவ வேண்டும். ஊசிக்கு அது கால்வரைக்கும் இறங்கியது.

முன்பெல்லாம் பந்து வந்ததும் அவன் தலை நிமிர்ந்து முன்னால் பார்ப்பான். இப்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தான். பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தான். அவர் திருப்பிக் கொடுத்தால் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்தான். ஒரு பாஸ்கூடத் தவறவில்லை என்று கணினி சொன்னது. பயிற்சியாளர் மகிழ்ச்சியில் பலகையிலிருந்த அம்புகளையெல்லாம் பின்பக்கமாகத் திருப்பி வரைந்தார். பந்து எங்களிடமே இருந்தது. எங்கள் பாதியிலேயே இருந்தது. எதிரணி கோல்கீப்பர் நாற்காலி வரவழைத்து உட்கார்ந்திருந்தார் என்று சில பத்திரிகைகள் எழுதியது அப்பட்டமான மிகை. அது வெறும் ஸ்டூல்.

ஆட்டத்துக்கு ஆட்டம் கோலே விழாமல் சமன் செய்தோம். தோல்வியை ஒழித்துவிட்டதாகத் தலைவர் பேசினார். அண்ணன் மட்டும்தான் வாட்டமாக இருந்தார். முதலில் தப்பான இடத்துக்கு ஓடிப் போய் நின்று கை தூக்குவார். சில ஆட்டங்களுக்குப் பிறகு ஓடுவதை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே தூக்கினார். கடைசியில் இடுப்பில் கை வைத்து நிற்க ஆரம்பித்தார், பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவர்போல.

ஒருநாள் பயிற்சி முடிந்த பிறகு ஊசி தானாகப் பந்து அறைக்கு வந்தான். அதே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“சார், எனக்கு இப்பவும் எடம் தெரியுது,” என்றான். “அண்ணன் எங்க ஓடப்போறார்னு அவருக்கு முன்னாடி எனக்குத் தெரியுது.”

“நல்லது.”

“அங்க அடிச்சு, போய்ச் சேரலைன்னு வைங்க. ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க. அதுக்கு நம்மகிட்ட வாக்கியம் இல்ல. பின்னாடி குடுத்தா யாரும் எதுவும் கேக்கறதில்ல சார்.”

ஒரு வாக்கியத்தின் துணைகூட இல்லாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்கு மாணவன் உயர்ந்துவிட்டான். குருவை மிஞ்சிய இந்தக் கணத்தில் எனக்குப் பெருமை தாளவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தேன். நான் வேறு ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்ப்பவனைப்போல அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போனான்.

சமன் செய்தால் தோல்வி இல்லை என்று தலைவர் கண்டுபிடித்திருந்தார். சமன் செய்தால் வெற்றியும் இல்லை என்பதைப் புள்ளிப் பட்டியல் கண்டுபிடித்திருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் மேல்பிரிவில் இருப்போம். இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும் என்ற நிலை வந்தது.

அந்த ஆட்டத்திலும் கோல் விழவில்லை. முடிகிற நேரத்தில் எதிரணி கோல்கீப்பர் வெளியே ஓடி வந்து, தன் ஆளோடேயே மோதிக்கொண்டார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பந்து உருண்டு வந்து ஊசியின் காலடியில் நின்றது. முன்னால் யாருமில்லை. கோல் காலி. வலைக்குப் பின்னால் விளம்பரப் பலகையில் எங்கள் மெத்தைதான் விரிந்து கிடந்தது.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஊசி கோலைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். காலைப் பின்னுக்கு இழுத்தான். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவன்போலத் திரும்பி, பந்தைப் பின்னால் அனுப்பினான். மைதானத்தின் நீளத்தையெல்லாம் கடந்து அது எங்கள் கோல்கீப்பரின் காலுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் ஓரடிகூட நகரத் தேவையிருக்கவில்லை. அப்படி நேர்த்தியான பாஸை நான் பார்த்ததே இல்லை. நடுவர் கொஞ்ச நேரம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஊதினார்.

பேட்டியில் ஊசி தலை குனிந்து, நேர்மறையான விஷயங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம் என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு நிருபர், அப்படியே அந்தக் கோல் கம்பத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள், புதுசாகத்தான் இருக்கிறது என்றார்.

கீழிறங்கியதற்குப் பொறுப்பு யாருடையது என்று மறுபடி கூட்டம் கூடியது. இது கூட்டுப் பொறுப்பு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அதைப் பங்கு பிரிக்கும்போது மூத்தவர்களுக்குப் போக மிச்சமிருந்தது இளையவனுக்குப் போனது. மூத்தவர்கள் பெருந்தன்மையோடு எல்லாவற்றையும் மிச்சம் வைத்திருந்தார்கள். ‘இரு தரப்பும் மனமுவந்து’ பிரிவதாக நான் அறிக்கை எழுதினேன். ஊசியின் தரப்புக்கு அதைப் பத்திரிகையில் படித்துத்தான் மனம் உவந்த விஷயம் தெரியவந்தது.

மறுநாள் காலையில் அம்மா வேனோடு அவனை அழைத்துப்போக வந்தார். பள்ளிக்குப் போகும் நேரம். வேன் நிறையப் பிள்ளைகள். ஊசி பையோடு முன்னிருக்கையில் ஏறினான். அவன் மறந்துவிட்டிருந்த பூட்ஸை நான் எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வேன் கிளம்ப முடியவில்லை. வாசலை மறித்து ஒரு மெத்தை லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது.

அவனுக்குப் பின்னால், முன்பல் விழுந்த ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, அத ஏன் நீங்க கோல் அடிக்கல?”

“ஒரு அணியா நாங்க முழு முயற்சியையும் குடுத்தோம்.”

“அப்படின்னா?”

“நேர்மறையான விஷயங்கள எடுத்துக்கிட்டோம்.”

“அப்படின்னா?”

“ஒவ்வொரு ஆட்டமா பாக்கறோம்.”

“நான் இந்த ஆட்டத்தத்தான் கேக்கறேன்.”

ஊசி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்து ஊக்கம் கொடுத்தேன். அவன் மடியிலிருந்த பூட்ஸைப் பார்த்தான். லாரியிலிருந்து ஒரு மெத்தை இறங்கியது. இன்னொன்று இறங்கியது.

“பயந்துட்டேன்,” என்றான்.

“ஓ,” என்றாள் சிறுமி. “எனக்கும் கணக்கு டீச்சர்னா பயம்.” அதோடு விஷயம் முடிந்துவிட்டதுபோல அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனுடைய அம்மா மகன் பக்கம் திரும்பவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஊசி முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். லாரி நகர்ந்தது. ஒரு பருவம் முழுக்க நான் செங்கல் செங்கலாகக் கட்டியதை, ஒரு லாரி நகர்வதற்குள் பல் விழுந்த ஒருத்தி இடித்துவிட்டாள். ஆரம்பக் கல்வியின் தரம் குறித்து உரிய இடத்துக்கு எழுத எண்ணியிருக்கிறேன்.

கீழ்ப்பிரிவில் இருந்த ஒரு சின்னக் கழகம் ஊசியைச் சேர்த்துக்கொண்டது. நாங்களும் இப்போது அங்கேதான் இருந்ததால் சீக்கிரமே அவர்களைச் சந்திக்க நேர்ந்தது. அவர்கள் மைதானத்தில் ஒரு பக்கம்தான் இருக்கைகள். மறுபக்கம் ஏதோ கிடங்கின் சுவர். உடை மாற்றும் அறையின் கதவு சாத்தாது.

ஆரம்பத்திலேயே ஊசி முன்னால் ஒரு பந்தை அடித்தான். யாருக்கும் போய்ச் சேராமல் சுவரில் பட்டுத் திரும்பியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதோ ‘ஏன்’ வரப்போகிறது. ஆனால் அவர்களுடைய முன்கள வீரன் கை தட்டிவிட்டு, அடுத்ததையும் இங்கேயே கொடு என்று கத்திக்கொண்டே மறுபடி ஓடினான். எல்லாரும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கற்ற அணி. அடுத்தது எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவே, அவர்கள் சட்டை உரசும் இடைவெளியில் புகுந்து போனது. அதற்கடுத்தது எப்படிப் போனது என்று இன்னும் எங்கள் பயிற்சியாளர் அம்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை கோலில் தோற்றோம் என்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. கடைசிக் கோலுக்கு எங்கள் அண்ணனே தன்னை மறந்து கை தட்டியதற்கு விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.

ஆட்டம் முடிந்ததும் ஒரேயொரு நிருபர் போனை நீட்டிக்கொண்டு அவனிடம் வந்தார். பழைய கழகத்தில் ஏன் இப்படி ஆடவில்லை என்று கேட்டார். நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். என்னதான் இருந்தாலும் என் மாணவன். எந்த வாக்கியத்தை எடுப்பான் என்று ஆவலாக இருந்தது. அவன் முட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே பேசினான்.

“அங்க பதில் கேட்டாங்க சார். இங்க பந்து கேக்கறாங்க.”

நாங்கள் திரும்பிய பேருந்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தலைவரிடமிருந்து போன் வந்தது. இதற்கு உடனே மறுப்பு வெளியிட வேண்டும் என்றார். அவன் சொன்னதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லை மறுப்பது என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். தவறான சொல் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆகவே முழுவதையும் மறுத்தோம்.